மென்பொருள்: உடைமையா, சந்தாவா?

நுழையும்முன்

எழுதுகோலை வாங்கினால் அது நம்முடையது. அதனால் எழுதியதும் நம்முடையது. கணினியில் எழுதும்போதும் அப்படித்தானா? மென்பொருளை ஒருமுறை விலைகொடுத்து வாங்கிய வழக்கம் குறைந்து, மாதந்தோறும் சந்தா செலுத்திப் பயன்படுத்தும் வழக்கம் பெருகிவருகிறது. இம்மாற்றத்தால் நாம் பெறுவது யாது, இழப்பது யாது என ஆராய்கிறது இப்பாடம்.

அழைப்பிதழ்கள் வடிவமைக்கும் சிறிய அச்சகம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பத்தாண்டுகளாக வடிவமைத்த திருமண அழைப்பிதழ்களும் விழா மலர்களும் அங்குள்ள கணினியில் சேமிக்கப்பட்டுள்ளன. தொழில் மந்தமான ஒரு மாதத்தில் உரிமையாளரால் மென்பொருளுக்கான சந்தாவைச் செலுத்த இயலவில்லை. மின்சாரம் இருக்கிறது, கணினி இயங்குகிறது, கோப்புகளும் வன்தட்டில் பத்திரமாக உள்ளன. ஆனால், அவற்றைத் திறந்து திருத்த வேண்டிய மென்பொருள் இயங்க மறுக்கிறது. உழைப்பு அவருடையது, அதைத் திறக்கும் சாவியோ வேறொருவரிடம் இருக்கிறது. இந்நிலை எவ்வாறு வந்தது?

பெட்டியில் வந்த மென்பொருள்

தொடக்கக் காலத்தில் மென்பொருளுக்கெனத் தனிவிலை பெரும்பாலும் இருந்ததில்லை. கணினியை உருவாக்கிய நிறுவனமே அதற்கான நிரல்களையும் சேர்த்து வழங்கியது. 1969ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் தனித்தனியே விலை வைக்கப்போவதாக அறிவித்தது. அதன்பின் மென்பொருள் தனியொரு வணிகப்பொருளாக வளரலாயிற்று. 1980களிலும் 1990களிலும் அது நெகிழ்வட்டிலும் குறுந்தகட்டிலும் பதியப்பட்டு, பெட்டியில் அடைத்து விற்கப்பட்டது.

அன்றும் நாம் வாங்கியது மென்பொருளை அன்று. அதனைப் பயன்படுத்துவதற்கான உரிமத்தையே. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்னும் வகையில் சேர்த்துக் காக்கிறது. நூலொன்றை வாங்கியவர் அதனைப் படிக்கலாம். விருப்பம்போல் அச்சிட்டு விற்க இயலாது. மென்பொருளும் அத்தகையதே. ஆயினும், பெட்டியில் வந்த மென்பொருளின் உரிமத்துக்குப் பொதுவாகக் கால எல்லை இல்லை. கணினி உழைக்கும்வரை அதுவும் உழைத்தது. அடுத்த பதிப்பு வெளிவந்தாலும், அதனை வாங்குவதா, பழையதே போதும் என்று இருப்பதா என்பதைப் பயன்படுத்துபவரே முடிவுசெய்தார்.

மேகத்தின் வருகை

மேகக் கணிமை என்பது வானத்தில் இருப்பதன்று. பெரிய கட்டடங்களில் வரிசை வரிசையாக இயங்கும் சேவையகக் கணினிகளை இணையத்தின் வழியே பயன்படுத்தும் முறையே அது. இம்முறையில் மென்பொருள் இருவகையாக நம்மை வந்தடைகிறது. ஒருவகையில், நிரல் தொலைவிலுள்ள சேவையகத்தில் இயங்கும். நம் கணினியின் உலாவி அதன் சாளரமாக மட்டும் அமையும். மற்றொரு வகையில், நிரல் நம் கணினியிலேயே நிறுவப்படும்; ஆனால், சந்தா செல்லுபடியாகிறதா என்பதை அவ்வப்போது இணையத்தின் வழியே நிறுவனத்திடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளும். அச்சக உரிமையாளர் பயன்படுத்தியது இந்த இரண்டாம் வகை.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2011ஆம் ஆண்டு ஆபீஸ் 365 என்னும் சந்தாத் திட்டத்தைத் தொடங்கியது. அடோபி நிறுவனம் 2013ஆம் ஆண்டு, தன் வடிவமைப்பு மென்பொருள்களின் புதிய பதிப்புகளை இனிச் சந்தா வழியாகவே வழங்கப்போவதாக அறிவித்தது. பிற நிறுவனங்கள் பலவும் இவ்வழியைப் பின்பற்றின.

சந்தாவின் பயன்கள்

சந்தா முறையை முற்றிலும் தீதெனக் கூறுதல் பொருந்தாது. பெருந்தொகையை ஒரேநேரத்தில் செலுத்த இயலாத மாணவரும் சிறுதொழில் செய்வோரும் உயர்ந்த மென்பொருளைச் சிறுதொகையில் பயன்படுத்தத் தொடங்கலாம். பாதுகாப்புக் குறைகள் கண்டறியப்படும்போது திருத்தங்கள் உடனுக்குடன் வந்துசேரும். கோப்புகளையும் சேவையகத்தில் சேமித்திருந்தால், கணினி பழுதானாலும் அவை அழியா. வெவ்வேறு ஊர்களில் இருப்போர் ஒரே ஆவணத்தில் ஒரே வேளையில் பணியாற்றலாம். நிறுவனங்களுக்கும் நிலையான வருவாய் கிடைக்கிறது. திருட்டுப் படிகளின் பரவல் குறைகிறது.

செலவை மட்டும் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு மென்பொருளின் முழுவிலை ரூ.12,000 எனவும், மாதச் சந்தா ரூ.400 எனவும் கொள்வோம். ஓராண்டு மட்டும் பயன்படுத்துபவருக்குச் சந்தாவில் ரூ.4,800 செலவாகும், அது அவருக்கு ஆதாயமே. 30ஆம் மாதத்தில் இரண்டும் சமமாகின்றன. ஐந்தாண்டுகள் பயன்படுத்துபவர் ரூ.24,000 செலுத்தியிருப்பார். ஆகவே, எவ்வளவு காலத்துக்குத் தேவை என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வியாகும்.

சாவி பிறர் கையில்

செலவைவிடப் பெரிய கேள்வி, கட்டுப்பாடு யாரிடம் உள்ளது என்பதாகும். 2019ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், அமெரிக்க அரசு விதித்த தடையாணையின் காரணமாக வெனிசுலா நாட்டிலுள்ள பயனாளர்களின் கணக்குகளை முடக்கப்போவதாக அடோபி நிறுவனம் அறிவித்தது. சில வாரங்களில் அமெரிக்க அரசின் இசைவு கிடைத்ததால் சேவை தொடர்ந்தது. எனினும், பிழை ஏதும் செய்யாத வடிவமைப்பாளர்களின் தொழில், தொலைவிலுள்ள ஓர் அரசின் ஆணையால் நின்றுவிடக்கூடும் என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

விலைகொடுத்து வாங்கியவையும் இதற்கு விலக்கல்ல. 2009ஆம் ஆண்டு, ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ ஆகிய நூல்களின் சில மின்படிகளை உரிமையற்ற ஒருவர் விற்பனைக்கு வைத்திருந்ததை அறிந்த அமேசான் நிறுவனம், அவற்றை வாங்கியோரின் கிண்டில் கருவிகளிலிருந்து நீக்கியது. பணம் திருப்பித் தரப்பட்டது. நிறுவனம் பின்னர் மன்னிப்பும் கேட்டது. ஆனால், அந்நூலைப் படித்துக் குறிப்பெடுத்து வந்த அமெரிக்கப் பள்ளி மாணவர் ஒருவர், மூலநூல் மறைந்ததால் தம் குறிப்புகள் பயனற்றுப் போயின என்று வழக்குத் தொடுத்தார். நூலின் விலையைத் திருப்பித் தரலாம். அம்மாணவரின் உழைப்பை எவ்வாறு திருப்பித் தருவது?

உடைமைக்கும் மூப்பு உண்டு

அப்படியானால், சொந்தமாக வைத்திருப்பதே முழுமையான தீர்வாகுமா? தமிழ் அச்சுலகின் பட்டறிவு வேறொரு பாடத்தையும் கற்பிக்கிறது. தமிழ் நூல்கள் பலவும் பேஜ்மேக்கர் என்னும் மென்பொருளில் பக்கமாக்கப்பட்டன. அதன் இறுதிப் பதிப்பு 2001ஆம் ஆண்டு வெளிவந்தது. அக்காலத்தில் தமிழ் எழுத்துருக்கள் வெவ்வேறு குறியாக்க முறைகளைப் பின்பற்றின. மென்பொருள் பழையதாகி, ஒருங்குறி பரவிய பின்னர், அக்கோப்புகளைத் திறப்பதும் அவற்றிலுள்ள எழுத்துகளை மீட்பதும் கடினமான பணிகளாயின. குறுந்தகடு அலமாரியில் இருந்தும், எழுதியதைப் படிக்க இயலாத நிலை ஏற்பட்டது.

காக்க வேண்டியது எது?

இவ்விருவகை இடர்களையும் நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். நாம் முதன்மையாகக் காக்க வேண்டியது மென்பொருளை அன்று. அதன்வழி நாம் படைத்ததையே. அதற்குத் துணைநிற்பவை திறந்த கோப்பு வடிவங்கள். திறந்த ஆவண வடிவம் 2006ஆம் ஆண்டிலும், பி.டி.எஃப். வடிவம் 2008ஆம் ஆண்டிலும் பன்னாட்டுத் தரங்களாக ஏற்கப்பட்டன. அவற்றின் அமைப்பு வெளிப்படையாக இருப்பதால், ஒரு நிறுவனம் மறைந்தாலும் மற்றொருவர் உருவாக்கும் மென்பொருளால் அக்கோப்புகளைத் திறக்க இயலும்.

லிப்ரே ஆபீஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் மூன்றாவது வழியைக் காட்டுகின்றன. அவற்றின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். சந்தா இல்லை, கால எல்லையும் இல்லை. எனினும், எல்லாத் தொழில்களுக்கும் ஏற்ற கருவிகள் அவற்றில் கிடைப்பதில்லை. எனவே, சந்தா முறையை நாட வேண்டிய தேவை பலருக்கும் இருக்கவே செய்யும்.

வாடகை வீட்டில் வாழ்வது குறையன்று. ஆனால், நம் பொருள்களை நாம் விரும்பும் நாளில் எடுத்துச்செல்ல அங்கு வழி இருத்தல் வேண்டும். சந்தாவில் சேருமுன் அதன் விதிமுறைகளைப் படித்தறிவோம். நம் படைப்புகளின் படியொன்றைத் திறந்த வடிவில் நம்மிடமே வைத்திருப்போம். கருவி பிறருடையதாக இருக்கலாம். அதனால் விளைந்தது நம்முடையதாகவே இருக்கட்டும்.

கற்பவை கற்றபின்

1. நீங்களோ உங்கள் குடும்பத்தினரோ பயன்படுத்தும் செயலிகளைப் பட்டியலிட்டு, அவற்றை விலைக்கு வாங்கியவை, சந்தா செலுத்துபவை, கட்டற்றவை என வகைப்படுத்துக.
2. உங்கள் ஊரிலுள்ள கணினி மையம் அல்லது அச்சகத்துக்குச் சென்று, பழைய கோப்புகளைப் பாதுகாக்கும் முறையைக் கேட்டறிந்து அறிக்கை எழுதுக.
3. ‘மென்பொருளுக்குச் சந்தா முறையே ஏற்றது’ என்னும் பொருளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.