வியர்க்கும் துப்பாக்கி

குளிரூட்டிய பேருந்திலிருந்து இறங்கியதும் உங்கள் மூக்குக்கண்ணாடி மங்கிவிடுகிறதா? கனடாவின் வடகோடியில் வாழும் இனுயிட் வேட்டைக்காரர்களின் துப்பாக்கிக்கும் இதே தொல்லைதான்.

வெளியே உறைபனி, வீட்டுக்குள் கதகதப்பு. மழையே படாத துப்பாக்கிகூட உள்ளே வந்ததும் நனைந்துவிடும்! 20 டிகிரி செல்சியஸ் காற்று, ஒரு கனமீட்டருக்கு ஏறக்குறைய 17 கிராம் நீராவி வரை தாங்கும். 0 டிகிரியில் 5 கிராம்தான். சில்லிட்ட இரும்பைத் தொடும் காற்றும் குளிர்கிறது. தாங்க முடியாத நீராவியை அதன்மேல் துளிகளாக விட்டுவிடுகிறது.

மழைநீரையாவது துடைக்கலாம். இந்த ஈரமோ குழலுக்குள்ளும் விசைப்பகுதிக்குள்ளும் படியும். துரு பிடிக்க நாளாகும். ஆனால் மறுநாளே வெளியே கொண்டுபோனால் ஈரம் பனிக்கட்டியாக உறையும். தோட்டாவைத் தட்டும் ஊசி நகராமல் போகலாம். எதிரே நிற்பது பனிக்கரடி என்றால்?

அதனால் பலர் துப்பாக்கியை வீட்டுக்கு வெளியே, குளிரிலேயே வைத்துவிடுகிறார்கள். உள்ளே கொண்டுவர வேண்டுமானால், வெளியில் நிற்கும்போதே காற்றுப் புகாத பையில் இட்டு மூட வேண்டும். துளிகள் பையின்மேல் படியும். துப்பாக்கி அறை வெப்பத்துக்கு வந்த பிறகே பையைத் திறக்கலாம்.

குளிரறையிலிருந்து கேமராவை வெளியே எடுக்கும்போது நீங்களும் இப்படிச் செய்து பாருங்கள்.