24 வோல்ட் லோரியில் 12 வோல்ட் வானொலி

மாணவர்களே, இராணுவம் கழித்துவிட்ட லோரிகள் எங்கே போகின்றன என்று நீங்கள் யோசித்ததுண்டா? அமெரிக்காவில் அவற்றில் பல ஏலத்துக்கு வருகின்றன. வாங்குபவர்களில் விவசாயிகளும் உண்டு. மக்காச்சோளமும் சோயா அவரையும் விளையும் அயோவா, இல்லினாய் போன்ற மாநிலங்களில், மழை பெய்து சேறான வயலுக்குள் சாதாரண லோரி இறங்கினால் புதைந்துவிடும். இராணுவ லோரி அப்படியல்ல. அதன் எல்லாச் சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை போகிறது.

இவ்வகையில் மிகவும் பெயர்பெற்றது எம்35. 1950களில் பணிக்கு வந்த இந்த லோரி, கரடுமுரடான தரையில் இரண்டரை டன் சுமக்கும் என்று கணக்கிட்டுச் செய்யப்பட்டது. நல்ல சாலையில் அதைப்போல் இரு மடங்கு ஏற்றலாம். பின்னால் தானியத் தொட்டி ஒன்றைப் பொருத்திவிட்டால் பண்ணை வேலைக்குத் தயார். ஆனால் ஒரு குறை. இராணுவ வானொலி இருந்த இடம் காலியாக இருக்கும். அது இருந்திருந்தாலும் பயனில்லை. இராணுவத்துக்கு ஒதுக்கிய அதிர்வெண்களில் விவசாயி பேச முடியாது. எனவே அவர் 12 வோல்ட்டில் இயங்கும் சாதாரண இருவழி வானொலி ஒன்றை வாங்கி, தாமே பொருத்துகிறார்.

கைப்பேசி இருக்கும்போது வானொலி எதற்கு? அறுவடை இயந்திரம் ஓரிடத்தில், லோரி ஓரிடத்தில், தானியக் குதிர் வேறோர் இடத்தில். குதிரில் தானியம் இறங்கிக்கொண்டிருக்கும்போது ஒருவர் தவறி உள்ளே கால் வைத்தால், சில வினாடிகளில் வெளியே வர முடியாதபடி சிக்கிக்கொள்வார். அரை நிமிடத்துக்குள் முழுவதும் மூழ்கிவிடலாம். தானியத்தைத் தள்ளும் திருகுக் குழாயின் இரைச்சலில் அவர் கத்துவது யாருக்கும் கேட்காது. எண்ணைத் தேடி, அழைத்து, மறுமுனையில் எடுக்கும்வரை காத்திருக்க நேரம் ஏது? வானொலியில் பொத்தானை அழுத்தி “நிறுத்து!” என்றால் எல்லா வண்டியிலும் ஒரே நேரத்தில் கேட்கும். லோரியின் தொட்டி உயர்ந்து மின்கம்பியை நெருங்கும்போதும் அந்த ஒரு சொல்தான் தேவை. ஆக, இந்த வானொலி ஒழுங்காக வேலை செய்தே தீர வேண்டும். ஒழுங்காக வேலை செய்யவிடாமல் தடுப்பது பெரும்பாலும் உங்கள் இயற்பியல் பாடத்தில் வரும் விஷயங்கள்தான்.

முதல் சிக்கல் மின்னழுத்தம். எம்35 லோரியில் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு தொடர் இணைப்பில் இருக்கின்றன. மொத்தம் 24 வோல்ட். எஞ்சின் ஓடி மின்னேற்றம் நடக்கும்போது அது ஏறக்குறைய 28 வோல்ட்டுக்கு உயரும். நம் வானொலிக்குத் தேவையோ 13.6 வோல்ட்.

“ஒரு மின்தடையைப் போட்டுக் குறைத்துவிடலாமே, டீச்சர்” என்று வகுப்பில் பாதிப் பேராவது சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பேசும்போது வானொலி சுமார் 10 அம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 14 வோல்ட்டைக் குறைக்க 1.4 ஓம் மின்தடை போதும். சரி. பொத்தானை விட்டுவிட்டுக் கேட்கத் தொடங்கினால்? இப்போது மின்னோட்டம் அரை அம்பியர்தான். அதே 1.4 ஓம் மின்தடையில் குறைவது வெறும் 0.7 வோல்ட். வானொலிக்குப் போவது 27 வோல்ட்டுக்கு மேல்! அடுத்த வார்த்தை கேட்பதற்குள் புகை வரலாம். பேசும்போது மட்டும் பாதுகாப்பு, கேட்கும்போது ஆபத்து. தவிர, பேசும்போது அந்த மின்தடையில் 140 வாட் வெப்பமாக வீணாகிறது.

இன்னொரு குறுக்குவழி உண்டு. இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட்டை எடுப்பது. பலர் இதைத்தான் செய்கிறார்கள். முதல் சில வாரங்களுக்கு எல்லாம் நன்றாகவே தெரியும். ஆனால் தொடர் மின்சுற்றில் இரண்டு பேட்டரிக்கும் ஒரே அளவு மின்னேற்ற மின்னோட்டம்தான் போகும். வானொலிக்கு உழைக்கும் பேட்டரி பாதிப் பசியோடு நிற்க, மற்றதோ ஏற்கெனவே நிரம்பிவிட்டது. பசித்த பேட்டரியின் மின்னழுத்தம் தாழ்வதால், 28 வோல்ட்டில் தன் பங்குக்கு மேல் மற்ற பேட்டரியின் மீது விழுகிறது. அது கொதித்து, நீர் வற்றி, வாயுவை வெளிவிடும். ஒன்று பட்டினியால் கெடுகிறது, ஒன்று அஜீரணத்தால் கெடுகிறது. அதிலும் மேல் பேட்டரியில் இணைத்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். வானொலியின் எதிர்முனை லோரியின் உடலைவிட 12 வோல்ட் உயரத்தில் நிற்கும். ஆண்டெனாக் கம்பியின் வெளியுறை லோரியின் உடலைத் தொட்டதும் குறுக்குச்சுற்று, தீப்பொறி.

சரியான வழி, 24 வோல்ட்டை 13.6 வோல்ட்டாக மாற்றும் மாற்றுக்கருவி. இது மின்சாரத்தை வினாடிக்குப் பல ஆயிரம் முறை திறந்து மூடி, சுருளிலும் மின்தேக்கியிலும் சேமித்து அளந்து தருகிறது. வானொலி 136 வாட் கேட்டால், 85 விழுக்காடு திறனுள்ள கருவி பேட்டரியிலிருந்து 160 வாட் எடுக்கும். அதாவது 28 வோல்ட்டில் 6 அம்பியருக்கும் குறைவு. இரண்டு பேட்டரியும் சமமாக உழைக்கும். ஒன்றை மறக்கக் கூடாது: ஃபியூஸ் பேட்டரியின் அருகிலேயே இருக்க வேண்டும். வானொலியின் பக்கத்தில் வைத்தால், நடுவில் கம்பி எங்காவது உராய்ந்து லோரியின் உடலைத் தொடும்போது அது காப்பாற்றாது. இந்தப் பேட்டரிகள் குறுக்குச்சுற்றில் நூற்றுக்கணக்கான அம்பியரைக் கொட்டக்கூடியவை.

மின்சாரம் வந்துவிட்டது, ஆனால் குரல் அடுத்த வயலைக்கூடத் தாண்டவில்லை. ஏன்? கூரையைப் பாருங்கள். பெரும்பாலான எம்35 லோரிகளில் ஓட்டுநரின் தலைக்கு மேல் இருப்பது கேன்வாஸ் துணி! காரில் பொருத்தும் ஆண்டெனா பாதி உறுப்புதான்; அதன் கீழே உள்ள உலோகக் கூரை கண்ணாடிபோல் செயல்பட்டு மறுபாதியைத் தருகிறது. துணிக்கு அந்த வேலை தெரியாது.

எவ்வளவு உலோகம் வேண்டும்? ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம். மெகாஹெர்ட்ஸில் சொன்னால் 300ஐ வகுத்தால் போதும். பண்ணைகள் உரிமம் பெற்றுப் பயன்படுத்தும் 150 மெகாஹெர்ட்ஸ் வட்டாரத்தில் அலைநீளம் 2 மீட்டர். அதில் கால் பங்கு, 50 சென்டிமீட்டர், ஆண்டெனாவின் உயரம். அதைச் சுற்றி ஏறக்குறைய அதே 50 சென்டிமீட்டர் தூரத்துக்கு உலோகம் இருந்தால் நல்லது. ஆகவே சிலர் துணிக்குப் பதில் இரும்புக் கூரை போடுகிறார்கள், சிலர் எஞ்சின் மூடியின் மீது ஆண்டெனாவை நிறுத்துகிறார்கள். உரிமம் தேவைப்படாத 27 மெகாஹெர்ட்ஸ் சிபி வானொலியை எடுத்தால் அலைநீளம் 11 மீட்டர். கால் பங்கே 2.75 மீட்டர். அவ்வளவு நீளக் கம்பியோடு மரக்கிளைக்கு அடியில் ஓட்ட முடியுமா? அதனால் கம்பியைச் சுருளாகச் சுற்றிக் குட்டையாக்குகிறார்கள். குட்டையானால் திறனும் கொஞ்சம் குறையும்.

உயரத்தையும் கவனியுங்கள். இத்தகைய அலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் போகின்றன, பூமியோ உருண்டை. வானொலியின் தொடுவானத் தூரம், கிலோமீட்டரில், ஏறத்தாழ 4.12 பெருக்கல் உயரத்தின் வர்க்கமூலம். 3 மீட்டர் உயரத்தில் ஆண்டெனா உள்ள லோரிக்கு அது 7 கிலோமீட்டர். அதே உயரமுள்ள இரண்டு லோரிகளுக்கு இடையே அதிகபட்சம் 14. வீட்டில் இருக்கும் வானொலியின் ஆண்டெனாவைத் தானியக் குதிரின் உச்சியில், 25 மீட்டர் உயரத்தில் வைத்தாலோ, லோரிக்கும் அதற்கும் இடையே 27 கிலோமீட்டர் கிடைக்கும். இது சமவெளியில், தடையே இல்லாதபோது வரும் கணக்கு. ஆள் உயரத்தையும் தாண்டி நிற்கும் ஈரமான சோளப் பயிர் அலையை விழுங்கும் என்பதால், வயலுக்குள் நின்று கை வானொலியில் பேசுபவருக்குத் தூரம் நன்றாகவே குறையும்.

கடைசியாக இரைச்சல். எஞ்சினின் இரைச்சலுக்குத் தலைக்கு அருகே தனி ஒலிபெருக்கி வைத்தால் சமாளிக்கலாம். வேறொன்று உண்டு: எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் மெல்லிய ‘ஙீ...’ சத்தம். மின்னாக்கியின் மின்னழுத்தத்தில் உள்ள சிற்றலை அது. மாற்றுக்கருவியே கூட, விரைவாகத் திறந்து மூடுவதால், தனக்கென்று ஓர் இரைச்சலை உண்டாக்கலாம். எந்த வழியாக இரைச்சல் நுழைகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கருவி எதுவும் வேண்டாம். எஞ்சினை ஓடவிட்டு, பேசும் பொத்தானைத் தொடாமல், ஆண்டெனாக் கம்பியை மட்டும் கழற்றுங்கள். சத்தம் நின்றால் அது காற்றின் வழியே ஆண்டெனாவுக்கு வந்தது. ஆண்டெனாவை எஞ்சினிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். நிற்காவிட்டால் மின்கம்பி வழியே வந்தது; மாற்றுக்கருவிக்கான கம்பியை நேராகப் பேட்டரிக்கே கொண்டுபோய், ஃபெரைட் வளையம் ஒன்றையும் மாட்ட வேண்டும். ஒரே ஒரு மாறியை மட்டும் மாற்றிப் பார்ப்பது என்று அறிவியல் கூடத்தில் செய்கிறோமே, அதேதான்.

நம் நாட்டில் கடைகளில் விற்கும் வாக்கி டாக்கிகளில் ஒரு வகை 477 மெகாஹெர்ட்ஸ் வட்டாரத்தில் இயங்குகிறது. அதன் ஆண்டெனா ஏன் கையளவுகூட இல்லை என்பதை 300ஐ 477ஆல் வகுத்து, அதில் கால் பங்கு எடுத்துப் பாருங்கள். 16 சென்டிமீட்டருக்குச் சற்றே குறைவாக வரும். விற்பவர்கள் அதையும் சுருளாகச் சுற்றி இன்னும் குட்டையாக்கிவிடுகிறார்கள்.