நொய்யலைக் கற்பிக்கும்போது சாதியை விட்டுவிட முடியுமா?

திருப்பூர் வட்டாரத்தில் சுற்றுச்சூழல் பாடம் நடத்தும் ஆசிரியர் எடுத்துக்காட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் நொய்யல், நகரின் நடுவே ஓடுகிறது. ஆயினும் பாடம் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது: மனிதன் இயற்கையை மாசுபடுத்துகிறான். எந்த மனிதன், யாருடைய நீரை மாசுபடுத்துகிறான், அந்தக் கழிவை அள்ளுபவர் யார் என்னும் வினாக்கள் எழுவதில்லை.

எம்.சி. மேத்தா வழக்கில் 1991ஆம் ஆண்டு தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 2003 டிசம்பரில் சுற்றுச்சூழல் கல்வியை அனைத்து நிலைகளிலும் கட்டாயமாக்குமாறு உத்தரவிட்டது. மரக்கன்று நடுதல், நெகிழி ஒழிப்பு, நீரின் தன்மையை அளத்தல் ஆகியவை இன்று ஆசிரியர்களுக்கு நன்கு பழகியவை. அளந்த நீரைச் சமூகத்தோடு சேர்த்துப் படிக்கும் முறையே அவர்கள் இனிக் கற்க வேண்டியது.

நொய்யலின் அறிவியல் எளிமையானது. பருத்தித் துணியில் சாயம் பற்றுவதற்கு உப்பு பெருமளவில் சேர்க்கப்படுகிறது. வழக்கமான உயிரியல் சுத்திகரிப்பு அந்த உப்பை நீக்குவதில்லை. அது ஆற்றிலும் கிணறுகளிலும், பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையிலும் சேர்ந்தது. ஆயக்கட்டு விவசாயிகள் வழக்குத் தொடுத்தனர். கழிவுநீரை அறவே வெளியேற்றக்கூடாது என 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அது நிறைவேறாததால், 2011 ஜனவரியில் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது.

இதற்கிடையே, சூழல் இழப்பீட்டு ஆணையம் 68 கிராமங்களைச் சேர்ந்த 28,596 விவசாயிகளுக்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. அது நியாயமான வெற்றியே. ஆனால் அங்கு இழப்பு நிலத்தை வைத்தே அளக்கப்பட்டது. கொங்குப் பகுதியில் தலைமுறைகளாகப் பிறர் நிலத்தில் உழைத்த அருந்ததியர் இழந்த கூலிக்கும் குடிநீருக்கும் அந்த அளவுகோலில் இடமில்லை. நிலமற்றவரின் இழப்பை எப்படிக் கணக்கிடுவது? இது கணிதப் பாடத்துக்கும் சமூக அறிவியல் பாடத்துக்கும் உரிய வினா.

2025 மே மாதம் பல்லடம் அருகே கரைப்புதூரில், சாய ஆலை ஒன்றின் கழிவுத் தொட்டியில் இறங்கிய தலித் தொழிலாளர்கள் மூவர் விஷவாயு தாக்கி உயிரிழந்தனர். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருக்கும்போதே இது நிகழ்ந்தது. தொட்டியில் உருவாகும் வாயுக்களை வேதியியல் விளக்கும். அதில் இறங்க ஏன் குறிப்பிட்ட சமூகத்தாரே அழைக்கப்படுகின்றனர் என்பதை வேதியியல் மட்டும் விளக்காது.

பள்ளி வளாகமும் இந்தப் பாடத்துக்கு அப்பாற்பட்டதன்று. பட்டியல் சாதி மாணவர்களைக் கழிப்பறை கழுவ வைத்ததாக அண்மை ஆண்டுகளில் திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் புகார்கள் எழுந்தன. துடைப்பம் யார் கையில் தரப்படுகிறது என்பதையும் மாணவர்கள் கவனித்துக் கற்கின்றனர்.

ஆசிரியர் பயிற்சியில் மூன்று செய்திகள் இடம்பெற வேண்டும். முதலாவது, நொய்யல் தீர்ப்புகளையும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தையும் வகுப்புக்கேற்ற மொழியில் விளக்கும் பாடக் குறிப்புகள். இரண்டாவது, ஊருக்கும் சேரிக்கும் நீர் எங்கிருந்து, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதை, எந்த மாணவரையும் சாதி சொல்லி அடையாளப்படுத்தாமல் ஆராயும் முறை. மூன்றாவது, நீர் உரிமையின் வரலாறு. 1927இல் அம்பேத்கர் தலைமையில் மகாடு சவுதார் குளத்தில் நீர் அருந்திய போராட்டம் வரலாற்றுப் பாடத்தோடு நின்றுவிடக் கூடாது. அது நீர்வளப் பாடத்திலும் இடம்பெற வேண்டும். 1982இல் அமெரிக்காவின் வாரன் கவுண்டியில், தம் பகுதியில் நச்சு மண் கொட்டப்படுவதை எதிர்த்துக் கறுப்பின மக்கள் நடத்திய போராட்டமும் அதனருகே வைத்துப் படிக்கத்தக்கது.

சாயப்பட்டறையிலும் பனியன் நிறுவனத்திலும் உழைப்போரின் பிள்ளைகள் இதே வகுப்பறைகளில்தான் அமர்ந்திருக்கின்றனர். ஆற்றின் நிறம் மாறியதைப் பற்றி அவர்களிடம் கேட்கும் ஆசிரியர், வீட்டில் அதைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்றும் கேட்கட்டும். பாடநூல் விட்ட இடத்திலிருந்து அந்தப் பிள்ளைகள் தொடர்வார்கள்.