வீட்டுப் பற்றாக்குறையை அளவிடல்: இலுப்பைக்கடவையை முன்வைத்துச் சில கருத்துகள்

நகரங்களின் வீட்டுப் பற்றாக்குறையை மதிப்பிடுவோர் பொதுவாக இரு அளவுகோல்களைக் கையாள்வர். குடும்பங்களின் தொகைக்கும் குடியிருக்கத்தக்க வீடுகளின் தொகைக்கும் இடையிலான வேறுபாடு ஒன்று. வருமானத்தில் ஏறத்தாழ 30 வீதத்துக்கு மேல் வீட்டுக்கெனச் செலவிடும் குடும்பங்களின் தொகை மற்றையது. கொழும்பின் வசதி குறைந்த குடியிருப்புகளில் ஏறத்தாழ 68,000 குடும்பங்கள் வாழ்வதாக நகர அபிவிருத்தி அதிகாரசபை கணித்தமை முதலாவது வகையைச் சார்ந்தது. 2010ஆம் ஆண்டின் பின்னர் எழுந்த அடுக்குமாடிகள் அக்கணிப்பின் விளைவாகும். இவ்வளவுகோல்கள் மன்னார் – பூநகரி வீதியில் அமைந்துள்ள இலுப்பைக்கடவைக்கு எவ்வளவு பொருந்தும் என்பதையே நாம் இங்கு நோக்க முற்படுகின்றோம்.

நெற்செய்கையையும் கடற்றொழிலையும் நம்பி வாழும் இவ்வூரில் வாடகை வீடு என்பது அரிது. ஆகவே வாடகையைக் கொண்டு இங்கே பற்றாக்குறையை அளக்கமுடியாது. 2008ஆம் ஆண்டில் போர் இக்கரையோரத்தைக் கடந்தபோது மாந்தை மேற்கு மக்கள் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தனர். 2009 மே மாதத்தின் பின்னர் வவுனியா முகாம்களில் அடைக்கப்பட்டனர். மீண்டு வந்தோர் கண்டவை கூரையற்ற சுவர்களும் பற்றை மூடிய வளவுகளுமே. தகரமும் தறப்பாளும் கிடுகும் கொண்ட கொட்டில்களே அவர்களின் முதல் வீடுகளாயின.

இந்நிலையில் எழுந்தவற்றுள் பெரியது இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டமாகும். முன்னோடியாக 1,000 வீடுகள் 2012இல் நிறைவுற்றன. தொடர்ந்து வடக்குக் கிழக்கில் 45,000 வீடுகளுக்கு, வீடொன்றுக்கு 5,50,000 ரூபா வீதம், பயனாளிகளே கட்டிமுடிக்கும் முறையில் உதவி வழங்கப்பட்டது. அரசு உதவ மக்களே கட்டுதல் என்னும் இவ்வழி இலங்கைக்குப் புதியதன்று. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டமும் இந்நோக்கையே கொண்டிருந்தது. ஒப்பந்தகாரரின் இலாபம் ஒழிகின்றது. குடும்பம் தன் தேவைக்கேற்பக் கட்டுகின்றது. இவை அதன் சிறப்புகள். 2016இல் 65,000 உருக்கு வீடுகளை ஒன்று ஏறத்தாழ 21 இலட்சம் ரூபாவுக்கு வழங்க முன்மொழியப்பட்டபோது, அதற்கு எதிராக எழுந்த குரல்கள் கல்வீட்டையும் உள்ளூர் மேசனின் உழைப்பையுமே முன்னிறுத்தின. அத்திட்டம் கைவிடப்பட்டது.

ஆயினும் உதவித்தொகை வேறு, வீட்டின் விலை வேறு. மணலும் சீமெந்தும் கூலியும் உயர, எஞ்சிய தொகையைக் குடும்பமே தேடவேண்டியதாயிற்று. நகை அடைவுக்குச் சென்றது; நுண்கடன் வாசலுக்கு வந்தது. 2018இல் வறட்சியுற்ற மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசு பொறுப்பேற்க முன்வந்தமை, கடன்சுமை எத்தகையதாயிருந்தது என்பதற்குச் சான்றாகும். 2021இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 1,000 ரூபாவுக்கு விற்ற 50 கிலோ சீமெந்துப் பை 2022இல் 3,000 ரூபாவை எட்டியது. 2019 இறுதியில் ஆட்சி மாறியபோது கொடுப்பனவு தடைப்பட்டதால், அரசின் வீட்டுத் திட்டங்களில் அத்திவாரத்தோடும் அரைச் சுவரோடும் நின்ற வடபுல வீடுகளின் கதி யாதாகும் என்பதை இவ்விலையே விளக்கும். கணக்கேட்டில் இவை 'வழங்கப்பட்ட வீடுகள்'. வாழ்வோருக்கு இவை வீடுகளல்ல.

பட்டியலில் இடம்பெறாதோரும் உளர். முதலாவதாக, இடம்பெயர்ந்த காலத்தில் மணமுடித்துப் பெற்றோரின் வளவிலேயே கொட்டிலிட்ட புதுக்குடும்பங்கள். ஒரு வளவுக்கு ஒரு வீடு என எண்ணும்போது இவை மறைந்துபோகின்றன. இரண்டாவதாக, காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ இல்லாதோர். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் உரித்து வழியில் ஆண்மக்களுக்கே முதன்மை அளித்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தமே அவ்வேறுபாட்டை நீக்கியது. கணவனை இழந்த பெண்கள் பலராகிவிட்ட ஒரு சமூகத்தில் இதன் தாக்கம் சிறிதன்று. மூன்றாவதாக, 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள். ஒரு குடும்பமாகச் சென்றோர் இரு தலைமுறைகளில் பல குடும்பங்களாகப் பெருகியுள்ளனர். மன்னாரின் தேவையைக் கணிக்கும்போது அவர்களை விலக்குதல் நீதியாகாது.

எனவே இத்தகைய ஊர்களுக்கு வேறோர் அளவுகோல் வேண்டும் என்பது எமது கருத்து. வீடுகளை எண்ணுமுன் குடும்பங்களை எண்ணவேண்டும். தொடங்கிய வீட்டையன்றி முடிந்த வீட்டையே கணக்கிற் கொள்ளவேண்டும். வாடகைக்குப் பதிலாக, வீட்டினால் வந்த கடனையும், ஒரு போகமோ ஒரு மீன்பிடிப் பருவமோ தரும் வருவாயையும் ஒப்பிட்டு நோக்கவேண்டும். காணியுரிமையை வீட்டின் ஓர் உறுப்பாகவே கருதவேண்டும்.

கணக்கெடுப்பு நடுநிலையான செயல் என்று கருதுவது தவறு. யாரை எண்ணுகின்றோம் என்பதே யாருக்குக் கூரை கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கின்றது. கொட்டிலில் வாழும் குடும்பம் பட்டியலில் இல்லையாயின், அரசின் பார்வையில் அங்கே பற்றாக்குறையே இல்லை. அக்கொட்டிலைப் பட்டியலில் ஏற்றுவதே ஆய்வாளரின் முதற்கடமையாகும்.