அடுத்தவர் ஓட்டத்துக்கு நாம் ஏன் காசு கொடுக்கிறோம்?

2009 தொடக்கத்தில் லண்டனில் ஆன்சைட் வேலையில் இருந்தேன். எங்கள் டீமில் ஒரு டெஸ்டர், ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த ஆங்கிலேயர். ஒரு நாள் எல்லோருக்கும் மெயில் போட்டார். ஏப்ரலில் லண்டன் மாரத்தான் ஓடப்போகிறாராம். போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்கான ஒரு அறக்கட்டளைக்கு நிதி திரட்டுகிறார், லிங்க்கில் போய் முடிந்ததைக் கொடுங்கள் என்று எழுதியிருந்தார்.

நான் கொடுக்கவில்லை. கஞ்சத்தனமும் உண்டு, ஆனால் அது மட்டும் இல்லை. ஈராக் போரே தப்பு என்று நினைத்தவன் நான். அதோடு, சிப்பாயைப் போருக்கு அனுப்பியது அரசாங்கம். அடிபட்டால் பார்த்துக்கொள்ள வேண்டியதும் அதுதானே? பள்ளிக்கூடத்தில் டிசம்பர் 7 கொடி நாளுக்குச் சில்லறை கொடுத்து, காகிதக் கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டதோடு ராணுவ நிதிக்கும் எனக்கும் இருந்த உறவு முடிந்துபோயிருந்தது.

கேண்டீனில் அவரிடம், "உங்க குடும்பத்துல யாராவது ராணுவத்துல இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"யாரும் இல்லை. குலுக்கல்ல எனக்கு இடம் கிடைக்கலை. இவங்ககிட்ட இடம் இருந்துச்சு."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பெரிய லட்சியக் கதையை எதிர்பார்த்திருந்தேன். ஆனால் அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு போனபோதுதான் இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்று புரிந்தது.

இடம்தான் மூலதனம்

லண்டன் மாரத்தான் 1981ல் தொடங்கியது. தூரம் 42.195 கிலோமீட்டர், அதாவது 26.2 மைல். ஓட ஆசைப்படுகிறவர்கள் ஏராளம், இடமோ கொஞ்சம். இப்போதெல்லாம் விண்ணப்பங்கள் பல லட்சம் வருகின்றன. குலுக்கலில் விழுந்தால் அதிர்ஷ்டம்.

1993ல் "கோல்டன் பாண்ட்" என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். அறக்கட்டளைகள் வருஷா வருஷம் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இடங்களைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். முன்பு ஒரு இடம் சுமார் 300 பவுண்டாக இருந்தது. அந்த இடத்தை ஒருவருக்குக் கொடுக்கும்போது, "குறைந்தது இவ்வளவு திரட்டித் தர வேண்டும்" என்று உறுதிமொழி வாங்கிக்கொள்வார்கள். இது பெரும்பாலும் 2,000 பவுண்டை ஒட்டி இருக்கும். அதற்கு மேல் "கிஃப்ட் எய்ட்" உண்டு. பிரிட்டனில் வரி கட்டுகிறவர் 1 பவுண்டு கொடுத்தால், அந்த வரியிலிருந்து 25 பென்ஸை அறக்கட்டளை அரசிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஆக, ஓட்டக்காரருக்கு இடம் கிடைக்கிறது, அறக்கட்டளைக்குக் காசு கிடைக்கிறது. தொடக்கத்திலிருந்து 2019க்குள் இந்த ஒரே ஓட்டத்தின் வழியாகத் திரண்ட தொகை 100 கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது. எல்லா ஓட்டக்காரர்களும் தியாகிகளாக இருந்துதான் இது நடக்க வேண்டும் என்றில்லை. என் டெஸ்டர் நண்பர் மாதிரி ஆட்களும் போதும்.

ஓடாமலே கொடுக்கலாமே?

எஞ்சினியர் மூளைக்கு அடுத்து வரும் கேள்வி இது. 42 கிலோமீட்டர் ஓடுவதால் ஒரு சிப்பாயின் காலும் குணமாகப்போவதில்லை. அப்புறம் ஓட்டம் எதற்கு?

கிறிஸ்டோபர் ஒலிவோலா, எல்டார் ஷஃபீர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2013ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். நல்ல காரியத்துக்கு நிதி திரட்ட ஒரு பிக்னிக் வைத்தால் எவ்வளவு கொடுப்பீர்கள், அதற்குப் பதில் 5 மைல் ஓட வேண்டும் என்றால் எவ்வளவு கொடுப்பீர்கள் என்கிற மாதிரிக் கேள்விகள். ஓட வேண்டும் என்றால் மக்கள் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். கஷ்டப்பட்டுச் செய்தால் அந்தக் காரியத்துக்கே அர்த்தம் கூடிவிடுகிறதாம். அலகு குத்திக் காவடி எடுக்கிற ஊரில் பிறந்த நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் ஆய்வின் இன்னொரு பகுதிதான் முக்கியம். பூங்கா மாதிரி சந்தோஷமான விஷயத்துக்கு நிதி திரட்டும்போது இந்த விளைவு குறைவு. மனிதர்களின் துயரத்தைத் தீர்ப்பதற்கு என்றால் அதிகம். துயரத்துக்குக் கஷ்டம்தான் பொருத்தமான காணிக்கை என்று மனசு கணக்குப் போடுகிறது. காயம்பட்ட சிப்பாய்களுக்காக மாரத்தான் ஓடுவது ஏன் இவ்வளவு இயல்பாகத் தோன்றுகிறது என்பதற்கு எனக்குக் கிடைத்த நல்ல விளக்கம் இதுதான்.

ஒரு நீச்சல் குளத்தின் கதை

சரி, காசு எங்கே போகிறது? அப்போது எல்லோர் வாயிலும் இருந்த பெயர் "ஹெல்ப் ஃபார் ஹீரோஸ்". பிரின் பாரி, எம்மா பாரி தம்பதி 2007 அக்டோபரில் தொடங்கியது. பர்மிங்ஹாமின் செல்லி ஓக் மருத்துவமனையில் காயம்பட்ட சிப்பாய்களைப் பார்த்துவிட்டு வந்து ஆரம்பித்தார்கள். போர் சரியா தப்பா என்ற பேச்சுக்கே போகவில்லை, அடிபட்டவர்களுக்கு உதவுவது மட்டும்தான் வேலை என்றார்கள்.

முதல் இலக்கு, சர்ரேயில் இருந்த ஹெட்லி கோர்ட் ராணுவ மறுவாழ்வு மையத்துக்கு ஒரு நீச்சல் குளம். கால் இழந்தவர்களுக்கு நீரில் செய்யும் பயிற்சி ரொம்ப முக்கியம். அங்கே சரியான குளம் இல்லாததால் பக்கத்து ஊர்ப் பொதுக் குளத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சுமார் 80 லட்சம் பவுண்டு செலவில் கட்டி 2010ல் திறந்தார்கள்.

2018ல் அந்த மையமே மூடப்பட்டு, வேலைகள் நாட்டிங்ஹாம்ஷைரில் உள்ள ஸ்டான்ஃபோர்ட் ஹாலுக்கு மாறின. புதிய இடம் இன்னும் வசதியானது. ஆனால் அதைக் கட்டவும் பெரும் நன்கொடைதான் கைகொடுத்தது.

என் பழைய கேள்வி இங்கே இன்னும் கூர்மையாகிறது. இது அரசின் கடன் இல்லையா? ஆமாம், கடன்தான். 2011ல் பிரிட்டிஷ் ஆயுதப்படைச் சட்டம், படைவீரர்களுக்கான வாக்குறுதி எந்த அளவுக்கு நிறைவேறுகிறது என்று பாதுகாப்பு அமைச்சர் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் அறிக்கை வைக்க வேண்டும் என்றது. கடனை ஒப்புக்கொள்வது வேறு, வட்டியோடு அடைப்பது வேறு. நடுவில் இருக்கும் ஆள் காத்திருக்க முடியாது.

பதினான்கு நாள் மாரத்தான்

2009 ஏப்ரல் 26. கேனரி வார்ஃப் பக்கம் நின்று நண்பரைப் பார்த்துக் கை காட்டினேன். அன்று மாலைக்குள் எல்லாம் முடிந்தது. ஒருவரைத் தவிர.

மேஜர் ஃபில் பேக்கர். 2008 பிப்ரவரியில் பாஸ்ராவில் நடந்த ராக்கெட் தாக்குதலில் முதுகுத்தண்டு அடிபட்டவர். இனி நடக்கவே முடியாது என்று சொல்லப்பட்டவர். ஊன்றுகோல்களோடு, டாக்டர்கள் அனுமதித்தபடி நாளைக்கு 2 மைல் வீதம் நடந்தார். மே 9 அன்று முடித்தபோது, ஹெல்ப் ஃபார் ஹீரோஸுக்காக 6 லட்சம் பவுண்டுக்கு மேல் திரண்டிருந்தது.

டிவியில் பார்த்தபோது பெருமையை விடக் கூச்சம்தான் அதிகம். காயம்பட்டவரே நடந்து காசு திரட்ட வேண்டியிருக்கிறது. நானோ கொள்கை பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நண்பரின் பக்கம் இன்னும் திறந்துதான் இருந்தது. அன்று இரவு 20 பவுண்டு போட்டேன். போரைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. அந்த 20 பவுண்டு போருக்குப் போகவும் இல்லை.

இப்போதும் இந்த மாதிரி மெயில்கள் வருகின்றன. மூன்று விஷயம் பார்க்கிறேன். என் காசு ஓடுகிறவரின் பயணச் செலவுக்குப் போகிறதா, அறக்கட்டளைக்கா? அந்தக் காசில் எதைச் செய்கிறார்கள்? அதை அரசு செய்ய வேண்டுமா? மூன்றாவதற்குப் பதில் "ஆமாம்" என்றால், முன்பு கொடுக்காமல் இருந்துவிடுவேன். இப்போது கொடுத்துவிட்டு, அரசிடமும் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். நீங்க எப்படி?