சங்கத்திற்கு ஓர் இணையதளம்: திட்டமிடும் முறை

பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு என்பது நம்மவர் வழக்கு. பூவின் மணம் தெருவரை வரும். வாங்குவோரைத் தானே அழைக்கும். ஆனால் தறியில் நெய்த சேலையின் நயம் சங்கத்து பீரோவை விட்டு வெளியே வருவதில்லை. மாமல்லபுரத்திற்கு நாள்தோறும் வெளியூராரும் வெளிநாட்டாரும் வருகின்றனர். அவர்கள் கடற்கோயிலைக் கண்டு திரும்பும் வழியில், நான்கு தெரு தள்ளி ஒரு கூட்டுறவுச் சங்கம் இருப்பதை அறியாமலே போய்விடுகின்றனர். சரக்கு நல்லது; ஆனால் அது இருக்குமிடம் வாங்குவோருக்குத் தெரியவில்லை. இக்குறையைப் போக்க இணையதளம் ஒரு சாதனமாகும். அதை எவ்வாறு திட்டமிடுவது, எதில் எச்சரிக்கை வேண்டும் என்பதை அங்கத்தினர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இணையதளம் என்பது யாது?

உலகளாவிய வலை என்னும் ஏற்பாட்டை 1989-இல் டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் அறிஞர் ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் யோசனையாக முன்வைத்தார். 1993-இல் அக்கூடம் அதை எவரும் கட்டணமின்றிக் கையாளலாம் என்று பொதுவாக்கியது. தனியுடைமையாகாமல் பொதுவுடைமையான இச்சாதனம் கூட்டுறவாளர்க்கு அந்நியமானதன்று. நம் நாட்டில் 1995 ஆகஸ்டு 15 அன்று இணைய வசதி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

ஓர் இணையதளத்தில் மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது பெயர், இதை டொமைன் என்பர். இது கடையின் விலாசம் போன்றது. இரண்டாவது, பக்கங்களை வைத்திருக்கும் சர்வரில் வாடகைக்கு எடுக்கும் இடம். இதை ஹோஸ்டிங் என்பர். மூன்றாவது, அவ்விடத்தில் நாம் வைக்கும் எழுத்தும் படமும் விலைப்பட்டியலும். முதல் இரண்டுக்கும் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்த வேண்டும். மூன்றும் வெவ்வேறானவை என்பதை உணராமையே பல இடையூறுகளுக்குக் காரணம்.

எதற்காக? யாருக்காக?

இணையதளம் வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றுவதற்கு முன், நிர்வாகக் குழு ஒரு தாளில் இரண்டு வினாக்களுக்கு விடை எழுதிக்கொள்ளுதல் நலம். இத்தளத்தைப் பார்ப்பவர் யார்? பார்த்தபின் அவர் என்ன செய்ய வேண்டுமென்று நாம் விரும்புகிறோம்? தொழிலுக்குத் தக்கபடி விடை மாறும். இதை நம் வட்டாரத்து உதாரணங்களால் விளக்குவோம்.

வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்தில், இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் இயங்கி வருகிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதன்பின் வந்த ஏற்றுமதித் தடையும் பாம்புத் தோல் வியாபாரத்தை நிறுத்தின. பிழைப்பிழந்த இருளர்களுக்காக 1978-இல் இச்சங்கம் அமைந்தது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கிலிருந்து விஷம் எடுத்து, விஷமுறிவு மருந்து தயாரிப்போருக்கு விற்கின்றனர். சில வாரங்களுக்குப் பின் பாம்புகள் காட்டிலேயே விடப்படுகின்றன. இம்மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்ததை அங்கத்தினர்கள் அறிவர்.

இத்தகைய சங்கம் ஒரு தளம் வகுப்பதானால், அதன் சரக்கை வாங்குவோர் விரல்விட்டு எண்ணத்தக்க மருந்துக் கம்பெனிகளே. அவர்களுக்கு வேண்டியவை தரமும் அனுமதி விவரமும். விஷம் எடுப்பதைக் காண வரும் பொதுமக்களோ வேறு வகையினர். அவர்களுக்கு வேண்டியவை நேரமும், கட்டணமும், வழியும். இரு சாராருக்கும் இரண்டு தனிப் பக்கங்கள் வேண்டும். ஒரே பக்கத்தில் எல்லாவற்றையும் குவித்தால் இருவருக்கும் பயன்படாது.

மாமல்லபுரத்துக் கற்சிற்பம் மற்றோர் உதாரணம். இதற்கு 2017-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆளுயரச் சிலையை ஒருவர் பார்த்தவுடனே பணம் கட்டி வாங்கிவிடப் போவதில்லை. அளவு, கல்லின் வகை, அனுப்பும் செலவு இவற்றைக் கேட்டறிந்த பின்னரே ஆர்டர் கொடுப்பார். ஆகவே சிற்பிக்கு வேண்டியது விசாரணைக்கு வழிசெய்யும் தளமேயன்றி, விற்பனைத் தளமன்று. பட்டுச்சேலைக்கும் பாரம்பரிய அரிசிக்கும் நேரடி விற்பனை ஏற்றது. தொழிலை ஆராயாமல் அயலார் தளத்தைப் பார்த்து அப்படியே செய்யச் சொல்வது, ஒருவர் அளவுக்குத் தைத்த சட்டையை மற்றொருவர் அணிவது போலாகும்.

பெயர் யார் பேரில்?

சில ஆண்டுகளுக்கு முன் நாம் ஆய்வுக்குச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில் நேர்ந்ததை இங்கே கூறுதல் அவசியம். அச்சங்கத்தார் நல்லதொரு தளம் அமைத்தனர். ரசீதிலும் துணிப்பையிலும் அதன் விலாசத்தை அச்சிட்டனர். வெளியூர் ஆர்டர்களும் வரத் தொடங்கின. தளத்தைச் செய்து கொடுத்தவர் டொமைன் பெயரைத் தம் சொந்தப் பேரிலேயே பதிவு செய்திருந்தார். அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். ஆண்டுக் கட்டணம் கட்டுமாறு வந்த நினைவூட்டல்கள் யாவும் அவருடைய மின்னஞ்சலுக்கே சென்றன. கெடு தாண்டியதும் பெயர் காலாவதியாகி, சம்பந்தமில்லாத வேறொருவர் கைக்குப் போயிற்று. சேலை பார்க்க வந்தவர்களுக்கு வேறு எவருடைய விளம்பரமோ தெரிந்தது. பழைய வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் கேட்ட பின்னரே சங்கத்திற்கு விஷயம் தெரிந்தது. அவ்வாண்டு தீபாவளிக்கு வெளியூர் ஆர்டர் நின்றது, இருப்பு தேங்கியது, சில தறிகளுக்குப் பாவு கொடுப்பது தாமதமாயிற்று. நஷ்டம் முடிவில் நெசவாளர் வீட்டு அடுப்பில்தான் தெரிந்தது.

செலவுச் சீட்டில் "இணையதளச் செலவு" என்று மட்டுமே எழுதப்பட்டிருந்தது. பெயர் யார் பேரில் இருக்கிறது என்று எவரும் கேட்கவில்லை. முந்திய ஆண்டு ஆய்வில் அச்சீட்டைப் பார்த்துக் கையொப்பமிட்டு நகர்ந்தவர்கள் நாமே. ஆதலின் இது பிறர்மேல் சாட்டும் குற்றமன்று; நாமும் கற்றுக்கொண்ட பாடம்.

டொமைன் பெயர் சங்கத்தின் பேரிலேயே பதிவாக வேண்டும். அதற்குரிய மின்னஞ்சல் தனிநபருடையதாக இல்லாமல் சங்கத்தினுடையதாக இருக்க வேண்டும். கடவுச்சொல்லை உறையிலிட்டு முத்திரை வைத்து, பணப்பெட்டியில் வைத்தல் வேண்டும். நிர்வாகிகள் மாறும்போது சாவிக்கொத்துடன் அதையும் ஒப்படைத்துக் கையொப்பம் பெற வேண்டும். கட்டணம் கட்ட வேண்டிய நாளைச் சொத்துப் பதிவேட்டில் குறித்தல் வேண்டும். இப்பெயருக்கு ஆண்டுக்கு ஆகும் செலவு பெரும்பாலும் ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். அச்சிறு தொகையை மறந்ததால் வந்த நஷ்டத்தை மேலே கண்டோம்.

இந்தியாவிற்குரிய 'டாட் இன்' முடிவுடன் பெயர் பெறலாம். கூட்டுறவு நிறுவனங்களுக்கென்றே 'டாட் கூப்' என்னும் முடிவும் உண்டு. தகுதியைச் சரிபார்த்தே அதை அளிப்பர். பெயர் சுருக்கமாகவும், தொலைபேசியில் ஒருமுறை சொன்னால் எழுதிக்கொள்ளத் தக்கதாகவும் இருத்தல் வேண்டும்.

தளத்தில் இருக்க வேண்டியவை

தொடக்கத்தில் ஐந்து பக்கங்கள் போதும்: முகப்பு, சங்கத்தின் வரலாறு, சரக்கும் விலையும், வாங்கும் முறையும் திருப்பும் விதிகளும், விலாசமும் தொடர்பும். 2020-ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விற்பவரின் சட்டப்படியான பெயர், விலாசம், குறைதீர்க்கும் அதிகாரியின் பெயர், திருப்பித் தரும் விதிகள் ஆகியவற்றைத் தெளிவாகக் காட்டுதல் வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்தில் கிடைத்ததென்று பதில் கூறி, ஒரு மாதத்திற்குள் தீர்த்து வைக்க வேண்டும். குஞ்சம் கட்டிய சேலையையும், ரவிக்கைத் துணியை வெட்டிய சேலையையும் திரும்பப் பெற இயலாதெனில், அதை வாங்கும் முன்பே படிக்குமாறு எழுதி வைத்தல் நியாயம்.

தமிழ் எழுத்துக்களை யூனிகோடு முறையிலேயே இட வேண்டும். பழைய எழுத்துருவில் அச்சிட்ட விவரத்தை அப்படியே ஏற்றினால் பிறர் கருவியில் பொருளற்ற குறிகளாகத் தெரியும். படமாக ஏற்றினால் தேடுவோர்க்கு அகப்படாது. ஆங்கிலத்திலும் ஒரு பிரதி இருத்தல் நலம்.

அரிசி, எண்ணெய், வெல்லம் போன்ற உணவுப் பண்டம் விற்கும் விவசாயிகள் சங்கங்கள் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணைக் காட்ட வேண்டும். நெல் ரகம், அறுவடை மாதம், கைக்குத்தலா ஆலையில் அரைத்ததா என்னும் விவரங்கள் வாங்குவோருக்கு நம்பிக்கை தரும்.

படமும் இருப்பும்

வாங்குவோர் துணியைத் தொட்டுப் பார்க்க முடியாது. கண்ணால் மட்டுமே தீர்மானிக்கிறார். ஆதலால் படம் உண்மையாய் இருத்தல் வேண்டும். குழல்விளக்கின் கீழ் எடுத்த படத்தில் மாம்பழ நிறம் எலுமிச்சை நிறமாகிவிடும். காலை வேளையில் திண்ணையில், நேர்வெயில் படாத வெளிச்சத்தில் எடுத்தல் நலம். சேலைக்கு நான்கு படங்கள் போதும்: உடல், கரை, முந்தானை, பின்புறம். கோர்வைச் சேலையில் கரையும் உடலும் இணையும் இடத்தைப் பின்புறமாகக் காட்டினால், விசைத்தறிப் போலிக்கும் நம் கைத்தறிக்கும் உள்ள வேறுபாடு தானே விளங்கும். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டு முத்திரை 2004-இலும், கைத்தறி முத்திரை 2006-இலும் ஏற்பட்டன. உரிமை பெற்ற சங்கங்கள் இவற்றைக் காட்டலாம். பெறாதவை காட்டுதல் கூடாது.

கைத்தறிக்கே உரிய தொல்லை ஒன்றுண்டு. ஆலைத்துணி ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரியாக வரும். நம் பாவில் விழுபவை சில சேலைகளே. காலையில் காட்சிக்கூடத்தில் விற்ற சேலை மாலையிலும் தளத்தில் நின்றால், இல்லாத சரக்குக்குப் பணம் வாங்கியவர்களாவோம். இருப்புப் பதிவேட்டில் உள்ள எண்ணையே தளத்திலும் இட்டு, விற்ற அன்றே நீக்குவதற்கு ஒருவரைப் பொறுப்பாளராக நியமித்தல் அவசியம். அத்தகைய ஆள் இல்லையெனில் விற்பனையைத் தொடங்காமல், சரக்கைக் காட்டி விசாரணை பெறுவதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

சொந்தக் கடையா, பொதுச் சந்தையா?

1935-இல் தோன்றிய நம் கோ-ஆப்டெக்ஸ் இணையத்திலும் விற்று வருகிறது. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் இந்தியாஹேண்ட்மேட் என்னும் தளமும் உண்டு. பொதுச் சந்தையில் கூட்டம் முன்பே இருக்கும். தளம் நடத்தும் தொல்லை நமக்கில்லை. ஆனால் வாங்குவோர் சந்தையின் பெயரை நினைவில் வைப்பாரேயன்றி, நம் சங்கத்தின் பெயரையன்று. சொந்தத் தளத்தில் பெயர் நிலைக்கும். வாடிக்கையாளரைச் சேர்க்கும் உழைப்போ நம்முடையது. சிறிய சங்கங்கள் பொதுச் சந்தையில் விற்றுப் பழகிக்கொண்டே, சொந்தத் தளத்தை அறிமுகச் சீட்டுப் போல் வைத்துக்கொள்வது நல்லது. அருகருகே உள்ள சில சங்கங்கள் சேர்ந்து ஒரே தளம் அமைத்துச் செலவைப் பகிர்ந்துகொள்வதும் கூட்டுறவுக்கு ஏற்ற முறையே.

கணக்கும் பொறுப்பும்

உத்திரமேரூர்க் கல்வெட்டில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்வுக்கு உரியவரல்லர் என்று முதலாம் பராந்தகன் காலத்திலேயே விதித்திருக்கின்றனர். அக்கட்டுப்பாடு இணையதளத்திற்கும் பொருந்தும். தளம் அமைப்பவரிடம் எழுத்தில் ஒப்பந்தம் பெற வேண்டும். பெயர், படம், எழுத்து யாவும் சங்கத்தின் சொத்து என்று அதில் குறிக்க வேண்டும். வேலை முடிய முடியத் தவணையாகப் பணம் தருதல் நலம். இணைய விற்பனை வரவு சங்கத்தின் வங்கிக் கணக்கிற்கே வர வேண்டும். எவருடைய சொந்தக் கைப்பேசி எண்ணுடன் இணைந்த யுபிஐ கணக்கிற்கும் வருதல் கூடாது. வாடிக்கையாளரின் விலாசமும் தொலைபேசி எண்ணும் நம்பி ஒப்படைத்த பொருள். அதைப் பிறருக்குக் கொடுத்தல் தவறு. ஆண்டுப் பேரவையில் தளத்தின் செலவு இவ்வளவு, அதனால் வந்த விற்பனை இவ்வளவு என்று இரண்டு வரிகளில் அறிவித்தால் அங்கத்தினர்களுக்கே அதன் பயன் புலப்படும்.

1844-இல் இங்கிலாந்தின் ராச்டேலில், நெசவாளர் உள்ளிட்ட 28 தொழிலாளர் தலைக்கு ஒரு பவுன் சேர்த்துக் கடை திறந்தனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை போன்ற சில பண்டங்களே அவர்கள் சரக்கு. கலப்படமின்மையும் சரியான எடையும் அவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்தன. 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நம் மாகாணத்தில் முதலில் பதிவான கடன் சங்கம், அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவில் இருந்த திரூரில் அமைந்தது. அந்த ஜில்லாவின் வழிவந்த நாம் புதிய சாதனத்தைக் கண்டு அஞ்சவும் வேண்டா, மயங்கவும் வேண்டா. கடைத்தெரு மாறினாலும் கடையின் தர்மம் மாறுவதில்லை.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் ஒரு வினாவை எழுப்புமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம். தளம் இல்லாத சங்கத்தார், "யாருக்காக அமைக்கப் போகிறோம்?" என்று கேளுங்கள். தளம் உள்ள சங்கத்தார், "அதன் பெயர் யார் பேரில் இருக்கிறது?" என்று கேளுங்கள். உடனே விடை வராவிட்டால், அன்றே பதிவேட்டை எடுத்துப் பாருங்கள்.