வீதிப் பெயர்கள் கூறும் வரலாறு

கொழும்பு மாநகரின் வீதிகளில் நாடோறும் நடக்கின்றோம். ஆயினும் அவ்வீதிகளின் பெயர்ப் பலகைகளை நின்று வாசிப்போர் நம்மிற் சிலரே. வாசித்துச் சிந்திப்போர்க்கு அவை பழங்கதைகள் பல கூறும்.

1796ஆம் ஆண்டு ஒல்லாந்தரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், முன்னரே வகுக்கப்பட்டிருந்த நகரொன்றையே பெற்றனர். ஆள்வோர்க்குக் கோட்டை; அதன் வெளியே வணிகர்க்குப் புறக்கோட்டை. புறக்கோட்டைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'பெற்றா' என்பது நமது 'பேட்டை' என்னுஞ் சொல்லின் திரிபேயாம். கோட்டை மதில்கள் 1870ஆம் ஆண்டையொட்டி இடிக்கப்பட்டன. மதில் மறைந்தும், உள்ளும் புறமும் என்ற பிரிவு பெயரளவில் இன்றும் நிற்கின்றது.

கறுவா வாணிபத்தில் அரசுக்கிருந்த தனியுரிமை 1833இல் நீங்கியது. நாளடைவிற் கறுவாத் தோட்டத்தில் மாளிகைகள் எழுந்தன. அங்குள்ள வீதிகளுக்குப் பார்ன்ஸ், ஹோர்ட்டன், வார்ட், கிரெகரி எனத் தேசாதிபதிகளின் பெயர்கள் சூட்டப்பெற்றன. புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களுக்கோ முதலாம், இரண்டாம் என எண்களே வாய்த்தன. மூட்டை சுமப்போர்க்கு எண் போதும் எனக் கருதினர் போலும்!

இனி, பேரை வாவியோரம் செல்வோம். ஒல்லாந்தக் கொம்பனியார் தம் அடிமைகளைத் தங்கவைத்த இடம் அது. ஆங்கிலேயர் அதனைச் 'சிலேவ் ஐலண்ட்', அதாவது அடிமைத் தீவு, என்றனர். 1844இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னரும் அப்பெயரை மாற்றினாரல்லர். தமிழிலோ அது கொம்பனித்தெரு. சிங்கள வழக்கும் அத்தகையதே. அடைபட்டோரை ஆங்கிலப் பெயர் நினைவூட்ட, அடைத்தோரை நம் பெயர் நினைவூட்டுகின்றது! பின்னர் அங்கு வாழ்ந்த மலாய்ப் போர்வீரரை மலாய்த் தெருவும் ரைபிள் தெருவும் நினைவூட்டுகின்றன. அவ்வடிமைகளுள் ஒருவர் பெயரேனும் எத்தெருவுக்கும் இல்லை.

1948இல் நாடு சுதந்திரம் பெற்ற பின் பெயர்கள் பல மாறின. டொரிங்டன் சதுக்கம் சுதந்திர சதுக்கமாயிற்று. 'கிறீன் பாத்' ஆனந்த குமாரசுவாமி மாவத்தையாயிற்று. தக்க மாற்றங்களே. எனினும், தேசாதிபதியின் பெயர்ப் பலகையை அகற்றினாலும் அவரை நினைவுகூர ஏடுகள் உள. அடிமைகளுக்கோ அந்த ஆங்கிலப் பெயரன்றி வேறு சின்னமில்லை. அப்பெயர் வழக்கொழியினும், அங்கு வாடியோர் கதையை நம் சிறாருக்குச் சொல்லிவைப்பது நமது கடமையாகும்.